அலமாரிக்குள் வளர்ந்த பிள்ளைகள்

தீபாவளி அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வருஷமாவது முழுதாகச் சாப்பிட்டு எழுந்திருக்காத மனுஷி இந்த மலாக்கா மாநிலத்திலேயே ஒருத்திதான். அவள் புக்கிட் காத்திலில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தாள். அவளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அவளுக்குப் பெயர் பிள்ளைக்காரி டாக்டர். கல்யாணமே ஆகாதவளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அவசரமில்லை.

குடிவந்த அன்றே அவள் ஒரு மாதிரி என்று தெரிந்துவிட்டது. தலையில் ஹெல்மெட்டோடு வாசல் கூட்டினாள். கழற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை, மறுபடி போட நேரமாகுமாம். எங்கே பார்த்தாலும் வெள்ளை டேப்பை ஒட்டித் தேதி எழுதிவிடுவாள். நான் குழம்பு கொடுத்தனுப்பிய சட்டி திரும்பி வரும்போது அதில் என்ன குழம்பு, என்றைக்கு வந்தது, யார் வீட்டுச் சட்டி என்று எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். "நல்லவேளை, என் முதுகுல இன்னும் ஒட்டல" என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பிரே போத்தல். எதைத் தொடுவதற்கு முன்னும் கையில் அடித்துக்கொள்வாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் தீபத் தட்டை நீட்டினார். இவள் பழக்கதோஷத்தில் கையில் ஸ்பிரே அடித்துக்கொண்டு தீபத்தைத் தொட வந்தாள். வாசனை வந்ததும் ஐயர் தட்டோடு பின்னால் துள்ளினார்.

"எம்மா, எம்மா! அது சாராய ஸ்பிரேலா! தீப்பிடிச்சுக்கும்மா!"

அதிலிருந்து இவளைக் கண்டால் ஐயர் திருநீற்றை மட்டும் தூரத்திலிருந்தே போடுவார்.

வீட்டுக் கதவில் டாக்டர் என்று போட்டிருந்ததால், முதல் மாசம் காய்ச்சல், இருமல், முட்டிவலி எல்லாம் அவள் வாசலில் வரிசை கட்டின. மூலை வீட்டு மீனாட்சிதான் முதலில் போனவள். எங்கள் தாமானில் எந்தச் செய்திக்கும் அவள்தான் முதல் ஆள்.

"நான் அந்த டாக்டர் இல்லக்கா. எனக்கு ஊசி போடத் தெரியாது."

"ஊசி தெரியாதா? மாத்திரையாச்சும் எழுதிக் குடுப்பியா?"

"அதுவும் கூடாதுக்கா. நான் ஆராய்ச்சி டாக்டர்."

"ஊசியும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. அப்ப நானும் டாக்டர்தான்லா!" என்று சொல்லிவிட்டு மீனாட்சி முட்டியைத் தடவிக்கொண்டே வந்துவிட்டாள்.

இதெல்லாம் பரவாயில்லை. எந்த விசேஷத்திலும் அவள் பாதியில் எழுந்துவிடுவாள் என்பதுதான் எங்களுக்குப் புரியாத விஷயம். கல்யாணப் பந்தியில் சாம்பார் விழுந்திருக்கும், கோயில் உபயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கும், இவள் மணியைப் பார்ப்பாள். "புள்ளைங்களுக்குச் சாப்பாடு போடணும்கா. நேரமாச்சு." ஹெல்மெட் தலையில்தான் இருக்கும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும், ஆள் இருக்கமாட்டாள்.

கல்யாணம் ஆகாதவள், பிள்ளைகள் என்கிறாள். தாமான் சும்மா இருக்குமா? டவுனில் இரண்டு பிள்ளைகளை யாரிடமோ விட்டு வளர்க்கிறாள் என்று மீனாட்சி சொன்னாள். மூன்று என்று பாசாரில் காய்கறி வாங்கும்போது சொன்னார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பெண்பிள்ளை தனியாக நின்று பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாள், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? நானும் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், விடியுமுன் பால் மரம் வெட்டப் போய்க்கொண்டேதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் கூட்டம். ஆட்டுக்கறி, தோசை, முறுக்கு, அதிரசம் எல்லாம் என் கையால் செய்தது. டாக்டர் வந்தாள், உட்கார்ந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டாள், மணியைப் பார்த்தாள், எழுந்தாள்.

நான் தயாராக இருந்தேன். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உறையில் காசு வைத்து அங்பாவ் கொடுப்பது நம் ஊர் வழக்கம். சீனர் சிவப்பு உறையில் கொடுப்பார்கள், நாம் ஊதா உறையில். இரண்டு ஊதா உறையை அவள் கையில் வைத்தேன்.

"இது எதுக்குக்கா?"

"உன் புள்ளைங்களுக்கு. நான் எதுவும் கேக்கமாட்டேன். நல்ல நாள் அன்னிக்குப் புள்ளைங்க வெறுங்கையோட இருக்கக் கூடாது."

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மீனாட்சிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏன் டாக்டர், இங்கயே கூட்டிக்கிட்டு வந்தா என்னா? நாங்க தின்னுருவோமா?"

"வெளிய எடுத்தா செத்துரும்கா."

மீனாட்சி எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்க வெச்சிருக்க?"

"லேப்ல. அலமாரிக்குள்ள. கதவ அடிக்கடி தொறக்கக் கூடாது, சூடு எறங்கிரும்."

மீனாட்சியின் கை போனைத் தேடியது. போலீசுக்கா, டவுனில் இருக்கும் அவள் தங்கச்சிக்கா என்று இன்றுவரை தெரியாது. அதற்குள் டாக்டருக்கு விஷயம் விளங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ அக்கா! மனுஷப் புள்ளைங்க இல்ல. செல்லுங்க. புத்துநோய் செல்லு. பெருங்குடல்ல வர்ற புத்துநோய். எந்த ஊர்லயோ எப்பவோ செத்துப்போன ஒருத்தர் குடல்லேர்ந்து எடுத்தது. சாப்பாடு போட்டா இன்னும் வளந்துகிட்டே இருக்கும். தீபாவளி, பொங்கல்னு அதுக்குத் தெரியாது, பசிக்கும்."

தாமானே சிரித்தது. எங்கள் வீட்டுக்காரர்தான் மீசை ஆட ஆட எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "புத்துநோய்க்கு அங்பாவ் குடுத்த மொத ஆளு என் பொண்டாட்டிதான்!" அவள் உறைகளைத் திருப்பி நீட்டினாள். நான் வாங்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

கதவு வரை போனவள் திரும்பினாள். அவளுக்கு எதை எங்கே கேட்பது என்ற கணக்கே கிடையாது. "ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். இங்க யாருக்காச்சும் ஜம்பான்ல வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதா?"

கறிக்குழம்பும் அதிரசமுமாக இருபது பேர் உட்கார்ந்திருக்கிறோம். மீனாட்சியின் வாய்க்குள் போன அதிரசம் அங்கேயே நின்றது. ஒரு தாத்தா தட்டைக் கீழே வைத்தார். "நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு இது!" என்று யாரோ அதட்டினார்கள். அவள், "வெக்கப்பட்டா செத்துருவீங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினாள். மறுபடி சிரிப்பு.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தார். முறுக்கைத் திருப்பி வைக்கிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் காலை முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக் கேட்டில் அவர் குரல் கேட்டது.

"மூலம்தான் தங்கச்சி. ரொம்ப நாளா இருக்கு. சும்மா கேட்டு வெச்சிக்கலாம்னு..."

"எவ்ளோ நாளா அண்ணே?"

அவர் பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் பதில் கேட்டது. "ஏறுங்க."

கைலி கட்டிய மனுஷரை, சட்டை மாற்றக்கூட விடாமல், மோட்டாரின் பின்னால் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறடி மீசைக்காரர் சீட்டின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு போனதைப் பார்த்துத் தாமான் இன்னொரு தீபாவளி கொண்டாடியது. நானும் சிரித்தேன். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறாரே என்று உள்ளே சுட்டது. ஆனாலும் சிரித்தேன்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். பெருங்குடல் புற்றுநோய். வயிற்றைத் திறந்து ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தார்கள். ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்றும் சொன்னார்கள். குடலில் இருந்தது வேலி தாண்டி அங்கே போய்விட்டதாம்.

அவர் வீட்டுக்கு வந்ததும் டாக்டர் தினம் வந்து உட்காருவாள். ஆப்பிள் கொண்டுவருவாள், அதிலும் தேதி ஒட்டியிருக்கும். அவர் தோட்டத்தில் லாரி ஓட்டி, பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாகக் கேட்டைக் காத்து நின்றவர். அதனால் அவருக்குப் புரிகிற மாதிரியே அவள் சொன்னாள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன ஜாகா இருக்காங்க அண்ணே. மைக்ரோ ஆர்என்ஏன்னு பேரு. தம்மாத்துண்டு இருப்பாங்க. ஆனா அவங்க நின்னா எதுவும் வேலி தாண்டாது. புத்துநோய் என்னா பண்ணும் தெரியுமா? ஜாகாவக் கொல்லாது. அவனை ரூம்ல வெச்சுப் பூட்டிரும்."

"அட, திருட்டுப் பயல். எங்க ஃபேக்டரியிலயும் ஒரு தடவ அப்படித்தான் பண்ணானுங்க."

"எங்கிட்ட இருக்கிற மருந்து அந்தப் பூட்டத் தொறக்கும். தொறந்தா ஜாகா மறுபடி வெளிய வந்து நிப்பான்."

நான் அடுப்படியில் கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியொரு மருந்து இருக்கிறதா? அதுவும் பக்கத்து வீட்டுக்காரி கையிலா?

அப்போது அவள் மணியைப் பார்த்து எழுந்தாள். "சரிக்கா, புள்ளைங்களுக்கு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "யாருக்கு? என் புருஷன் வயித்தத் தின்ன சாதிக்கா? அதுக்கு நேரம் தவறாம சோறு போடுறியா? அதுக்கா நான் ஊதா உறையில அங்பாவ் குடுத்தேன்? உனக்கு வெக்கமா இல்லயாடி?"

அன்று நான் பேசியது தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் பேசுவாள். அவள் கோபப்படவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான், நிறைய நரை.

"ஆமாக்கா, அதே சாதிதான். ஆனா பட்டினி போட்டுக் கொன்னுட்டா, அது எப்படித் தாண்டுதுன்னு யாருகிட்டக் கேக்குறது?"

நான் யாரிடமும் எதையும் கேட்டு நின்றவள் இல்லை. கம்பெனிக்காரன் தோட்டத்தை விற்று எங்களைக் காலி பண்ணச் சொன்னபோதும், சாமான்களை நானே லாரியில் ஏற்றினேனே தவிர, ஆபீஸ் வாசலில் போய் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் வாசலில் போய் நின்றேன்.

"அந்த மருந்து வேணும்."

அவள் உடனே தலையாட்டினாள், முடியாது என்று. "டப்பால இருக்கிற செல்லுக்குத்தான்கா குடுத்துப் பாக்குறோம். அந்த மருந்த ரத்தப் புத்துநோய்க்கு ஆஸ்பத்திரியில குடுக்கறாங்க. குடலுக்கு இன்னும் இல்ல. ஆஸ்பத்திரி மருந்த அண்ணன் விடக் கூடாது."

"அது கூடவே இதும் குடுத்துப் பாக்கலாம்லா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"அக்கா, ஞாயித்துக்கெழம என்கூட வாங்க."

மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். எனக்கு ஒரு வெள்ளை கோட்டு மாட்டினார்கள். காலுக்கு உறை. தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூவை எடுக்கச் சொன்னாள். சுமங்கலி தலைப்பூவை எடுப்பதா என்று முறைத்தேன். அவளும் சளைக்கவில்லை. கடைசியில் பூவுக்கு மேலே ஒரு காகிதத் தொப்பியை மாட்டிவிட்டாள். குளியல் தொப்பி போட்ட மாதிரி உள்ளே போனேன்.

அந்த அலமாரியைப் பார்த்தேன். பிரிட்ஜ் மாதிரி, ஆனால் உள்ளே வெதுவெதுப்பு. கதவில் என் ஊதா உறைகள் இரண்டும் ஒட்டியிருந்தன. வெள்ளை டேப். தேதி. 'பக்கத்து வீட்டு அக்கா, தீபாவளி'. உறையைப் பிரிக்கவே இல்லை.

உள்ளே தட்டையான டப்பாக்களில் சிராப் தண்ணீர் மாதிரி ரோஸ் நிறத்தில் ஏதோ இருந்தது. அதுதான் சாப்பாடாம். ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பார்த்தேன். என் வீட்டுக்காரரைத் தின்றுகொண்டிருப்பது இந்த மாதிரிதான் இருக்கும் என்று சொன்னாள். கொம்பு, பல் எல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தண்ணீருக்கடியில் கூழாங்கல் பரப்பிய மாதிரி, பார்க்க அழகாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அவள் வேலி காட்டினாள். ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் இன்னொரு சின்னக் கிண்ணம். உள்கிண்ணத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் போட்ட தாள், அதன்மேல் அகார் அகார் ஜெல்லி மாதிரி ஒரு பூச்சு. மேலே செல்லை விட்டுப் பட்டினி போடுவாள். கீழே நல்ல சாப்பாடு வைப்பாள். பசித்தது பூச்சைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். குறித்த நேரத்தில் நிறுத்தி, தாண்டி வந்ததற்கு ஊதாச் சாயம் ஏற்றிப் பார்ப்பாள்.

"இது மருந்து குடுக்காதது. பாருங்க." ஊதாப் புள்ளி நிறைய இருந்தது.

"இது மருந்து குடுத்தது." அங்கொன்றும் இங்கொன்றும்தான் தெரிந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"பாத்தியா! இதத்தானே கேக்குறேன்!"

"இன்னொன்னு பாருங்கக்கா. இது வேற ஒரு ஆளோட செல்லு. அதே நோய், அதே மருந்து."

பார்த்தேன். ஊதா. ஒரே ஊதா. மங்குஸ்தான் மரத்தடியில் பழம் கொட்டிக் கிடப்பதுபோல இடைவெளியே இல்லாமல் கிடந்தது.

"மருந்துக்கு எந்தப் பூட்டத் தொறக்கணும்னு தெரியாதுக்கா. எல்லாத்தயும் தொறந்துரும். மொத ஆளுக்குள்ள ஜாகா வெளிய வந்தான். இந்த ஆளுக்குள்ள வேலிய வெட்டறவன் வெளிய வந்துட்டான். ஏன்னு எனக்குத் தெரியல. அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்." அவள் குரல் இறங்கியது. "அண்ணன் எந்த மாதிரின்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா உங்க கால்ல விழுந்தாச்சும் குடுப்பேன்."

நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் என் முகத்தைப் பார்த்துவிடுவாள்.

திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார். "நல்ல ஜாகாதான் இவ" என்றார். "சாவி கையில இருக்குன்னு எல்லாக் கதவையும் தொறக்கறவன் ஜாகா இல்ல."

ஆஸ்பத்திரி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டார். அடுத்த தீபாவளியைப் பார்த்தார். கறிக்குழம்பை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு உப்பு சரி என்றார். டாக்டர் பாதியில் எழுந்தபோது, "போய்ட்டு வா தங்கச்சி, உன் புள்ளைங்க அழும்" என்று கேலி பேசினார். பங்குனி பிறக்கும்போது போய்விட்டார்.

அன்று வீட்டில் யார் வந்தார்கள், யார் அழுதார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. வாசலில் டாக்டர் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் இருந்தாள். சுடுகாட்டுக்கு எடுத்துப் போகும்போது இருந்தாள். ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோதும் அங்கேயேதான் இருந்தாள். அவள் மணியைப் பார்க்கவே இல்லை என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

"அன்னிக்கு உன் புள்ளைங்களுக்கு யாரு சாப்பாடு போட்டா?"

"யாரும் போடலக்கா."

"வேலிக் கிண்ணம்?"

"அன்னிக்கு மத்தியானம் நிறுத்தியிருக்கணும். விட்டுட்டேன். எல்லாம் தாண்டிருச்சு. எது நின்னது, எது தாண்டுச்சுன்னு இனிமே சொல்ல முடியாது." தோளைக் குலுக்கினாள். "மொதல்லேர்ந்து பண்ணணும். அஞ்சாறு மாசம் ஆகும்."

கல்யாணத்தில், கோயிலில், தீபாவளியில் எழுந்து போனவள். சோறு போட்டேன், சாப்பிட்டாள்.

அந்த வருஷத் தீபாவளி எங்கள் வீட்டுக்கு இல்லை. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டோம். மீனாட்சிதான் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். டாக்டர் வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. அவள் வேண்டுமென்றே அதைப் பார்க்காமல் இருந்தாள். எனக்கு மணி தெரியாதா?

"எந்திரி" என்றேன். "நேரமாச்சு."

"இல்லக்கா, இன்னிக்கு..."

"போய் போடு. நல்லாப் போடு. எங்க தாண்டுது, எப்படித் தாண்டுதுன்னு கண்ண எடுக்காமப் பாரு. அவரு எந்த மாதிரின்னு உனக்குத் தெரியல. அடுத்தவன் எந்த மாதிரின்னாச்சும் தெரியணும். போடி, பசியோட இருக்கும்."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். உள்ளே முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் வேலை மாறி வடக்கே போய்விட்டாள். இன்னும் அதே வேலிதான், அதே பூட்டுதான் என்று போனில் சொல்கிறாள். போகும்போது என் ஊதா உறைகளைப் பத்திரமாகப் பெயர்த்தெடுத்து, அங்கே உள்ள அலமாரியில் ஒட்டியிருக்கிறாளாம், புது டேப்பில், புதுத் தேதியோடு.

போன தீபாவளிக்கும் ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, மேஜை ஓரத்தில் வைத்தேன். மீனாட்சி பார்த்துவிட்டு, "யாருக்குக்கா இது? எல்லாரும்தான் சாப்ட்டாச்சே" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன். "பிள்ளைக்காரி. கொஞ்சம் லேட்டாத்தான் வருவா."